போர்ட்டோஃபினோவில் அரை நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்கு டிக்கெட் போட்டவுடன் பலரும் கேட்பது இதுதான்: போர்ட்டோஃபினோவைச் சேர்க்கலாமா, சேர்த்தால் எவ்வளவு நேரம் ஒதுக்குவது, பர்ஸ் தாங்குமா? தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பஸ், படகு நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில், இது எங்கே இருக்கிறது?

வடமேற்கு இத்தாலியில், லிகூரியா கடற்கரையில். ஜெனோவாவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே வந்தால் ஒரு மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் தென்கிழக்கு முனையில், திறந்த கடலின் அலை எட்டாதபடி ஒதுங்கி ஒரு சின்னக் குடா, அதைச் சுற்றி ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐந்நூறு பேர்கூடத் தேறாது. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியே இந்தத் துறைமுகத்தைக் குறிப்பிட்டிருக்கிறார், ஆனால் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு இது மீனவர்களும் மாலுமிகளும் வாழ்ந்த சாதாரண ஊர்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பணக்காரர்கள் வந்து வீடு வாங்க ஆரம்பித்தார்கள், 1950களில் ஹாலிவுட் வந்தது, அப்புறம் விலை ஏறியது ஏறியதுதான்.

அரை நாள் போதுமா?

தாராளமாகப் போதும். சொல்லப்போனால், துறைமுகச் சதுக்கத்தை மட்டும் பார்ப்பதாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மேசையில் உட்கார்ந்து, பில் வந்ததும் முகம் சுண்டிப்போய்த் திரும்புகிறவர்கள்தான் "அந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறார்கள். நான் எல்லோரிடமும் சொல்வது: சதுக்கத்துக்குக் கால் மணி நேரம், மலைக்கு இரண்டரை மணி நேரம், சாப்பாடு வேறு ஊரில். இந்தக் கணக்கில் போனால் அரை நாள் நிறைவாக இருக்கும், செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ரயில் நேராகப் போகுமா?

போகாது. நிலையத்தின் பெயர்ப் பலகையில் "சாந்தா மார்கெரிதா லிகூரே – போர்ட்டோஃபினோ" என்று இருப்பதால், இறங்கியதும் எதிரே துறைமுகம் தெரியும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. நிலையம் இருப்பது சாந்தா மார்கெரிதா ஊரில், அங்கிருந்து போர்ட்டோஃபினோ 5 கிலோமீட்டர். ஜெனோவாவிலிருந்து வட்டார ரயிலில் முக்கால் மணி நேரத்தில் இருந்து ஒரு மணி நேரம். மிலானிலிருந்து நேரடி ரயில் கிடைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம், அதிகாலையில் கிளம்பினால் போய்த் திரும்பிவிடலாம். ரோமிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், ஒரு வழிக்கே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், பாதி நாள் ஜன்னலில் போய்விடும்.

வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டுகிறவர்களை அந்தத் தடத்தில் பார்க்கலாம்.

சாந்தா மார்கெரிதாவிலிருந்து பஸ்ஸா, படகா, நடையா?

போகும்போது படகு, வரும்போது நடை அல்லது பஸ். இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. இந்த ஊர் கடலிலிருந்து வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. பஸ் உங்களை ஊரின் பின்பக்கம் இறக்கிவிடும், கடைத்தெருவில் இறங்கி நடந்தால் சதுக்கம் ஓரமாக வந்து சேரும். படகில் வந்தாலோ முதலில் வெறும் பாறையும் பைன் மரங்களும்தான் தெரியும், ஊர் இருக்கும் அறிகுறியே இருக்காது. பிறகு படகு ஒரு முனையைச் சுற்றித் திரும்பும், உயரமான ஒல்லி வீடுகள் சிவப்பும் காவியும் மஞ்சளுமாக ஒரே வீச்சில் கண்ணில் விழும். கால் மணி நேரப் பயணம்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகுகள் அடிக்கடி உண்டு, குளிர்காலத்தில் மிகக் குறைவு, கடல் கொந்தளித்தால் எந்த மாதமானாலும் ஓடாது. ராபால்லோவிலிருந்தும் படகு உண்டு, அது அரை மணி நேரம்.

பஸ்தான் மலிவு. நிலையத்திலிருந்து கிளம்பும் 782 எண் பஸ் (பழைய எண் 82, இன்னும் பலர் அப்படித்தான் சொல்வார்கள்) இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடும். சாலை ஒற்றை நூலாகக் கடலை ஒட்டி வளைந்து போகும், எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். வழியில் மேட்டில் ஒரு பழைய மடாலயம் தெரியும், பெயர் செர்வாரா, 1361இல் தொடங்கப்பட்டது. 1525இல் பாவியா போரில் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவை இங்கேதான் சில நாள் அடைத்து வைத்திருந்தார்கள்.

இந்த ஒரே சாலையும் 2018 அக்டோபர் 29 இரவு அடித்த புயலில் அலை தாக்கி இடிந்தது. மறுவருட வசந்தத்தில் சாலை திறக்கும்வரை ஊருக்குப் போக வர கடலும் மலைப்பாதையும்தான். அதே இரவில் பக்கத்து ராபால்லோவில் தடுப்புச் சுவர் உடைந்து, கோடிக்கணக்கில் விலை போகும் உல்லாசப் படகுகள் கரையில் குவிந்து கிடந்தன.

கார் எடுத்துப் போகலாமா?

வேண்டாம். ஊருக்குள் காருக்கு இடமில்லை, வாயிலில் இருக்கும் ஒரே வாகன நிறுத்தம் கண்ணைக் கட்டும் விலை, கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும்.

நடந்தே போவது எப்படி இருக்கும்?

அருமையாக இருக்கும், ஆனால் வெயில் சாய்ந்த பிறகு. சாந்தா மார்கெரிதாவிலிருந்து முழுத் தூரமும் நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவ்வளவு முடியாதவர்கள் பாராஜி என்ற இடம்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து சாலைக்கு மேலே மரநிழலில் ஓடும் நடைபாதையில் ஏறிக்கொள்ளலாம், 20–25 நிமிடத்தில் ஊர். பாதையில் சில இடங்களில் படிகள் உண்டு, அதனால் பெட்டியை உருட்டிக்கொண்டு வராதீர்கள். பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது: சாமான்களைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது.

கப்பல் சுற்றுலாவில் வருகிறோம். நாங்கள் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

பெரிய கப்பல் இந்தத் துறைமுகத்துக்குள் நுழையவே முடியாது. வெளியே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகுகளில் இறக்குவார்கள். அட்டவணையில் போர்ட்டோஃபினோ என்று போட்டுவிட்டு, உண்மையில் சாந்தா மார்கெரிதாவில் இறக்கிவிடும் கப்பல்களும் உண்டு, அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அலை அதிகமானால் இறக்காமலேயே கிளம்பிவிடுவார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணம் ஷெங்கன் எல்லைக்கு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறதென்றால் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

சதுக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

எல்லோரும் செல்லமாகப் பியாசெத்தா என்று அழைக்கும் அந்தச் சதுக்கம் மூன்று பக்கம் வீடு, ஒரு பக்கம் தண்ணீர். கூழாங்கல் பதித்த தரை கடலை நோக்கிச் சரிந்து போகும், மரப்படகுகளைக் கரையில் இழுத்து வைத்திருப்பார்கள்.

வீட்டுச் சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள், முக்கியமான வேடிக்கை அங்கேதான். ஒரு சுவரில் பச்சைக் கதவு போட்ட ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று நிஜம், அடுத்தது வெறும் ஓவியம். மேலே கற்சிற்பம் போலத் தெரியும் வளைவும், மூலையில் அடுக்கிய கற்களும்கூடப் பெயின்ட்தான். கல்லுக்குக் கொடுக்கக் காசில்லாத காலத்தில் தூரிகையால் சமாளித்த லிகூரியா பழக்கம் இது, ஜெனோவா முழுக்கவும் பார்க்கலாம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி நிழல். வரைந்த ஜன்னலின் நிழல் எப்போதும் ஒரே பக்கம் விழும். மதியத்துக்கு மேல் சூரியன் இடம் மாறியதும் நிஜ ஜன்னலின் நிழல் ஒரு பக்கமும் வரைந்ததன் நிழல் இன்னொரு பக்கமுமாக நிற்கும். குழந்தைகளோடு போனால் எண்ணச் சொல்லுங்கள், நன்றாகப் பொழுது போகும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சதுக்கத்தின் முழுப் பெயர் ஒலிவெத்தா தியாகிகள் சதுக்கம். 1944 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, ஜெனோவாவின் மராசி சிறையிலிருந்து 22 அரசியல் கைதிகளை நாஜிகள் இங்கே கொண்டுவந்து ஊருக்கு அருகே ஒலிவெத்தா என்ற இடத்தில் கொன்று, உடல்களைக் கடலில் அமிழ்த்தினார்கள். இன்று அந்தப் பெயர்ப் பலகையின் கீழே நின்றுதான் எல்லோரும் ஐஸ்கிரீமோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பு சொல்ல வரவில்லை, பெயர் எதற்கு என்று தெரிந்துகொண்டு நின்றால் போதும்.

போரின் கடைசியில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரைத் தகர்த்துவிடத் திட்டம் இருந்தது. உள்ளூரில் வசித்த ஃபோன் மும் என்ற சீமாட்டி ஜெர்மன் அதிகாரியிடம் பேசி அதைத் தடுத்தார் என்று ஊரில் இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

நின்று படம் எடுத்தால் அபராதம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2023இல் துறைமுக ஓரத்தில் இரண்டு இடங்களைச் சிவப்பு மண்டலமாக அறிவித்தார்கள். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, காலை 10.30 முதல் மாலை 6 மணி வரை அங்கே வழியை மறித்துக்கொண்டு நின்றால் 275 யூரோ வரை அபராதம் என்றார்கள். படம் எடுப்பதே குற்றம் என்று செய்திகள் பரவின. அவர்கள் தடுக்க நினைத்தது நெரிசலை. நடைபாதை அவ்வளவு குறுகல், ஒரு குடும்பம் செல்ஃபிக்கு வரிசை கட்டினால் பின்னால் ஐம்பது பேர் நிற்க வேண்டியதுதான். எடுத்தோமா, நகர்ந்தோமா என்று இருந்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. இதோடு செருப்பில்லாமல் நடப்பது, நீச்சல் உடையில் ஊருக்குள் சுற்றுவது, தெருவில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. நம்மவர்கள் முதல் இரண்டில் மாட்டமாட்டார்கள், மூன்றாவதில்தான் கவனம் தேவை. கட்டிக்கொண்டு போன பொட்டலத்தைத் தேவாலயப் படியில் பிரிக்காதீர்கள்.

மலைமேல் எதைப் பார்ப்பது?

துறைமுகத்தின் தென்பக்கம் படியும் சரிவுமாக ஒரு பாதை ஏறுகிறது. நடுவில் செங்கல், இரு பக்கமும் உருண்டைக் கற்கள் பதித்த பாதை. மழைக்குப் பின் அந்தக் கற்கள் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், செங்கல்மேல் கால் வைத்து நடங்கள்.

ஐந்தாறு நிமிடத்தில் மஞ்சள் நிறத்தில் சான் ஜோர்ஜோ தேவாலயம் வரும். போரில் குண்டு விழுந்து இடிந்து, 1950இல் திரும்பக் கட்டியது. கட்டடத்தைவிட அது நிற்கும் இடம்தான் விசேஷம்: மலை இங்கே மெலிந்து ஒரு முதுகெலும்பு அகலத்துக்கு வந்துவிடுகிறது. முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் கீழே அமைதியான பச்சைத் துறைமுகம், அப்படியே திரும்பிப் பின்பக்கம் போனால் செங்குத்தான பாறையும் அடியில் அறையும் திறந்த கடலும். நாலு எட்டு வைத்தால் சத்தமே மாறிவிடும். துறைமுகத்தின் பிரபலமான படம் எல்லாம் இந்தப் பாதையிலிருந்து எடுத்ததுதான், காசும் கிடையாது. புனித ஜார்ஜ் ஊரின் காவலர். ஏப்ரல் 23 அவர் திருநாள், அதையொட்டிச் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள்.

இன்னும் சற்று ஏறினால் பிரவுன் கோட்டை. ஜெனோவா குடியரசு கட்டிய காவல் கோட்டையை 1867இல் ஜெனோவாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த மாண்டேகு ஈட்ஸ் பிரவுன் வாங்கி வீடாக்கிக்கொண்டார். மொட்டை மாடியில் நிற்கும் பைன் மரங்கள் 1870இல் அவர் கல்யாணத்தின்போது நட்டவை, மணமகனுக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று. உள்ளே அறைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை, தோட்டத்துக்காகவும் அந்த மாடிக்காகவும் சீட்டு வாங்கலாம். தனியார் விழா நடந்தால் மூடிவிடுவார்கள், அது இங்கே அடிக்கடி நடக்கும்.

அதற்கும் அப்பால், நிழலான பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கலங்கரை விளக்கம். முனையின் கடைசி. அங்கே ஒரு சின்ன பார் உண்டு, பருவத்தில் திறந்திருக்கும். விலை போர்ட்டோஃபினோ விலைதான், ஆனால் முன்னால் மேசை மேசையாகச் சுற்றுலாக் கூட்டம் இல்லை. பெரும்பாலானவர்கள் தேவாலயத்தோடு திரும்பிவிடுவார்கள், அதனால் கூட்டம் இங்கே பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

வயதான பெற்றோரைக் கூட்டிப்போனால்?

படகில் ஏறி இறங்க ஒரு கை பிடித்தால் போதும். சதுக்கம் வரை பிரச்சினை இல்லை. சான் ஜோர்ஜோ வரை நின்று நின்று ஏறினால் முடியும், அங்கே உட்காரச் சுவர் இருக்கிறது. கலங்கரை விளக்கம் வேண்டாம்: போகும்போது இறக்கம், வரும்போது முழு ஏற்றம், மூட்டு வலிக்காரர்கள் திட்டுவார்கள். முழங்கால் சுத்தமாக ஒத்துழைக்காது என்றால், படகிலேயே போர்ட்டோஃபினோவைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைச் சாந்தா மார்கெரிதாவின் சமதளமான கடற்கரைச் சாலையில் கழிக்கலாம்.

அரை நாளில் சான் ஃப்ருத்துவோசோவையும் சேர்க்க முடியுமா?

நீண்ட அரை நாளாக இருந்தால் முடியும், எனக்குப் பிடித்த வழியும் அதுதான். சான் ஃப்ருத்துவோசோ என்பது மலையின் மறுபக்கம், காடு சூழ்ந்த ஒரு குட்டிக் குடாவில் இருக்கும் பெனடிக்டைன் மடாலயம். 10ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சாலை கிடையாது, இன்றும் படகு அல்லது நடை மட்டுமே. ஜெனோவாவை ஆட்டிவைத்த தோரியா குடும்பத்தின் 13, 14ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இங்கே வெள்ளையும் சாம்பலுமான பட்டைக் கற்களில் இருக்கின்றன. 1915இல் வந்த வெள்ளமும் மண்சரிவும் தேவாலயத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயின, அப்போது வந்து படிந்த கற்கள்தான் இன்றைய கடற்கரை. 1983 முதல் இத்தாலியின் மரபுச் சொத்துப் பாதுகாப்பு அறக்கட்டளையான எஃப்.ஏ.ஐ. பராமரிக்கிறது.

கடலுக்கடியிலும் ஒன்று இருக்கிறது. சுமார் 17 மீட்டர் ஆழத்தில் இரண்டு கைகளையும் மேலே உயர்த்தியபடி ஒரு வெண்கலக் கிறிஸ்து, சிற்பி குயிதோ கல்லெத்தி, 1954இல் இறக்கியது. 1947இல் அந்தப் பக்கம் முக்குளிக்கும்போது தாரியோ கொன்சாத்தி இறந்துபோனார், அவர் நினைவாக நண்பர் துயிலியோ மார்காந்தே எடுத்த முயற்சி. பதக்கங்கள், கப்பல்களின் வெண்கலப் பாகங்கள், தேவாலய மணிகள் என்று பலர் கொடுத்ததை உருக்கி வார்த்தார்கள். ஜூலை இறுதியில் ஓர் இரவு முக்குளிப்பவர்கள் இறங்கி அதன் காலடியில் இலை வளையம் வைப்பார்கள்.

போர்ட்டோஃபினோவிலிருந்து மலைப்பாதையில் நடந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஏற்ற இறக்கம் உண்டு, நல்ல ஷூவும் தண்ணீரும் அவசியம். திரும்பப் படகு. ஒரே எச்சரிக்கை, நடக்க ஆரம்பிக்கும் முன் துறைமுகத்தில் இன்று படகு ஓடுகிறதா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். அலை ஏறிப் படகு நின்றுபோனால், வந்த வழியே அதே இரண்டு மணி நேரம்தான்.

சாப்பாடு, அதுவும் சைவம், கிடைக்குமா?

கிடைக்கும், இத்தாலியிலேயே சைவர்களுக்கு வசதியான பகுதி லிகூரியா என்றுகூடச் சொல்வேன். இத்தாலியத் துளசி போட்டு அரைக்கும் பெஸ்தோ பிறந்த ஊர்ப்பக்கம் இது. த்ரோஃபியே என்ற முறுக்கிய சின்னப் பாஸ்தாவோடு கொடுப்பார்கள், சில இடங்களில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்ந்தே வரும். பான்சோத்தி என்று இன்னொன்று: காட்டுக்கீரைகளைப் பூரணமாக வைத்து மடித்த பாஸ்தா, மேலே வால்நட் அரைத்த வெள்ளைச் சாறு. சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், பெஸ்தோவில் போடும் பர்மேசான் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆனது. அவர்களுக்கு ஃபாரினாத்தா இருக்கிறது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான், பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் மொறுமொறு, நடு மெத்து, நம் அடைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே நெத்திலி போட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், "அச்சூகே" என்றால் அதுதான்.

எங்கே சாப்பிடுவது என்றால், சதுக்கத்தில் இல்லை. சாதாரண இத்தாலிய பாரில் நின்றுகொண்டு குடித்தால் ஒன்றரை, இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் கப்பூச்சினோ, அந்த மேசைகளில் பல மடங்கு. அது அநியாயம் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை, மெனுவில் விலை எழுதித்தான் இருக்கும், நாற்காலிக்கும் காட்சிக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். ஆசையாக இருந்தால் ஒரு காபி குடியுங்கள், மதியச் சாப்பாட்டைச் சாந்தா மார்கெரிதாவிலோ பக்கத்து ஊரான கமோலியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் "கோபெர்தோ" என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ கூடுதலாக இருக்கும், அது இத்தாலியில் பரவலாக உள்ள மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

பசி தாங்காதவர்களுக்கு: பஸ் நிறுத்தத்திலிருந்து சதுக்கத்துக்கு இறங்கும் ரோமா தெருவில் அடுமனை உண்டு. ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டி வாங்குங்கள். விரலால் குத்திய பள்ளங்களில் எண்ணெய் தேங்கி, உப்புப் பரல் கரையாமல் நிற்கும், காகிதத்தில் சுற்றித் தருவார்கள், நாலைந்து நிமிடத்தில் காகிதம் கண்ணாடியாகிவிடும். ஜெனோவாக்காரர்கள் இதைக் காலையில் கப்பூச்சினோவில் முக்கிச் சாப்பிடுவார்கள். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் ஒருமுறை செய்து பாருங்கள். இடையில் சீஸ் வைத்த மெல்லிய ஃபொக்காச்சா பக்கத்து ரெக்கோ ஊரின் சொத்து, அதை அங்கேயே சாப்பிடுவது உத்தமம்.

கடலில் குளிக்கலாமா?

போர்ட்டோஃபினோவில் சரியான கடற்கரையே கிடையாது. குளிக்க வேண்டுமென்றால் பாராஜி. மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நிற்பதால் கடல் மரகதப் பச்சையாக இருக்கும். ஆனால் மணலின் பெரும்பகுதி கட்டணக் குடைகளுக்குப் போய்விடும், வாடகை அதிகம், இலவசப் பகுதி ரொம்பச் சின்னது. காலை ஒன்பதுக்குள் போனால் துண்டு விரிக்க இடம் கிடைக்கும்.

அம்பானி வீட்டு விழா நடந்த ஊர்தானே?

ஆமாம். ஆனந்த் அம்பானி – ராதிகா மெர்ச்சன்ட் திருமணத்துக்கு முந்தைய கப்பல் கொண்டாட்டத்தின் கடைசி நாள், 2024 ஜூன் 1, இங்கே நடந்தது. சதுக்கத்தையே விருந்துக்கு எடுத்துக்கொண்டார்கள், இத்தாலியப் பாடகர் ஆந்திரியா பொச்செல்லி பாடினார். அதற்கு முன்பே 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கோர்ட்னி கார்டாஷியன் கல்யாணமும் இந்த ஊரில் நடந்திருக்கிறது. இந்த மாதிரிச் சங்கதிகளுக்காகப் போகிறவர்களுக்கு ஒரே தகவல்: பிரபலங்கள் தங்கும் ஸ்ப்ளென்தீதோ ஹோட்டல் மலைமேல் இருக்கிறது, பழைய மடாலயத்தை 1900களின் தொடக்கத்தில் ஹோட்டலாக்கியது. கீழே சதுக்கத்தில் நீங்கள் காணப்போவது அவர்களைப் படம் எடுக்கக் காத்திருக்கும் மற்றவர்களை.

இவ்வளவு பணம் புரண்டும் எப்படிக் கான்கிரீட் காடாகவில்லை?

நல்ல கேள்வி, எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். லிகூரியா கடற்கரை முழுக்க 1950, 60களில் அடுக்குமாடிகள் முளைத்தன, ராபால்லோ பக்கம் ரயிலில் வந்தாலே தெரியும். இந்த மலையை மட்டும் 1935லேயே சட்டம் போட்டுப் பாதுகாக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1999 முதல் சுற்றியுள்ள கடலும் பாதுகாக்கப்பட்ட பகுதி, நங்கூரம், மீன்பிடிப்பு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. வீட்டுக்கு அடிக்கும் சாயத்தின் நிறத்தைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாது. பணக்காரர்களுக்கும் இது வசதி, புதிதாகக் கட்ட முடியாததால் இருக்கிற வீட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. விளைவாக ஊரில் பிறந்தவர்கள் வாடகை தாங்காமல் வெளியேறினார்கள் என்பதும் இதே கணக்கின் மறுபக்கம். காலைப் பஸ்ஸில் உங்களோடு நின்றுகொண்டு வரும் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் அறை சுத்தம் செய்பவர்களும் வெளியூரிலிருந்துதான் வருகிறார்கள்.

சிங்குவே தெர்ரேவா, இதுவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

முதல் தடவை, முழு நாள் கையில், பட்ஜெட் இறுக்கம் என்றால் சிங்குவே தெர்ரே. இதே லிகூரியா கடற்கரையில் ஐந்து ஊர், ஊருக்கு ஊர் ரயில், மலைச்சரிவில் படிக்கட்டுப் படிக்கட்டாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆனால் கோடையில் அந்த நடைமேடைகளில் நிற்கும் கூட்டத்தில் மூச்சு முட்டும். அரை நாள்தான், ஜெனோவாவில் தங்கியிருக்கிறோம், காட்டு நிழலில் நடக்கப் பிடிக்கும் என்றால் போர்ட்டோஃபினோ. இரண்டையும் ஒரே நாளில் திணிக்கும் பஸ் டூர்களைத் தவிருங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

மே, அல்லது செப்டம்பர் பாதிக்கு மேல். ஆகஸ்டில், அதுவும் 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டி, இத்தாலியே கடலோரம் வந்துவிடும். அக்டோபர் கடைசி, நவம்பரில் மழை பலமாக அடிக்கும். குளிர்காலத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஆனால் வெயில் அடிக்கும் ஒரு ஜனவரிப் பகலில் ஊர் ஊராகவே இருக்கும், விலையைப் பற்றிக் கவலையில்லாமல் மலையில் நடக்க அதுதான் சமயம்.

நேரம் என்றால், காலை ஒன்பதுக்குள் சதுக்கத்தில் இருங்கள், அல்லது மதியம் மூன்றுக்கு மேல் வந்து இருட்டும்வரை இருங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை கப்பல் கூட்டம்.

வாங்கிப்போக ஏதாவது?

கடைத்தெருவில் இருப்பது மிலானிலும் துபாயிலும் உள்ள அதே பிராண்டுகள்தான். இந்தப் பக்கத்துக்கே உரியது தலையணைமேல் மரக்கட்டைகளைப் புரட்டிப் பின்னும் லேஸ். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது பெண்கள் பின்னி விற்றது. கையால் செய்தது என்றால் விலை இருக்கும், மலிவாகக் கிடைத்தால் அது இயந்திரத்தில் செய்தது. ராபால்லோவில் இதற்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

கடைசிப் படகைத் தவறவிட்டால்?

பயப்பட வேண்டாம், படகு நின்ற பிறகும் பஸ் ஓடும். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை இறங்கியவுடனே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாரநாளுக்கும் ஞாயிறுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், மாற்றிப் படித்துவிடாதீர்கள். பஸ் சீட்டை முன்பே வாங்கி வையுங்கள், வண்டிக்குள் வாங்கினால் கூடுதலாகும். பஸ்ஸும் போய்விட்டால் டாக்சி, ஐந்து கிலோமீட்டருக்கு அவர்கள் கேட்பது மனசுக்கு ஆகாது என்றால் கடலோரச் சாலையிலேயே நடந்துவிடலாம். பாராஜி தாண்டியதும் சில வளைவுகளில் நடைபாதை குறுகும், போன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாலையின் கடல் பக்கமாக நடங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், சாந்தா மார்கெரிதாவில் ஜெனோவா ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.